எலிவேஷன் படத்தில் மழை பெய்யாது

பெங்களூரு அல்சூரில் சித்தப்பா வீடு கட்டியபோது முன்பக்கம் முழுக்க மரம் மாதிரி தெரியும் ஏசிபி ஷீட் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) அடித்தார். கிரகப்பிரவேசத்தன்று அதன் முன்னால் நின்றுதான் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது ஒவ்வொரு ஜன்னலின் இரண்டு மூலையிலிருந்தும் கறுப்புக் கோடு இறங்கியிருந்தது, அழுதவள் கண்மை மாதிரி.

ஷீட்டின் மேல் குற்றமில்லை. ஜன்னலுக்கு அடியில் போட்ட கல் சுவரோடு சுவராக முடிந்துவிட்டது. அதில் படிந்த தூசியை மழை கரைத்து, நேராக ஷீட்டின் மேல் இறக்கியது. கல்லை ஓர் அங்குலமாவது வெளியே நீட்டி, அடிப்பக்கத்தில் ஒரு காடி, அதாவது நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு, வெட்டியிருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டியிருக்கும். சன்ஷேடுக்கு அடியில் பழைய கொத்தனார்கள் சொல்லாமலே இதைச் செய்வார்கள். இப்போது 3டி படத்தைப் பார்த்து எலிவேஷனை, அதாவது வீட்டின் முன்தோற்றத்தை, முடிவு செய்கிறோம், காடியை யாரும் கேட்பதில்லை.

அடுத்த தவறு, கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் தேர்ந்தெடுப்பது. சாம்பிளை வாங்கிவந்து உங்கள் சுவரில் சாய்த்து, மதியமும் மாலையும் பாருங்கள். பளபளப்பான ஷீட் கொஞ்சம் வளைந்தாலும் வயிறு தள்ளியது போலக் காட்டிக்கொடுக்கும், மேட் பரவாயில்லை. பூச்சு என்ன என்றும் கேளுங்கள். வெளிச்சுவருக்கு பிவிடிஎஃப் என்ற வெயில் தாங்கும் பூச்சு. பாலியஸ்டர் பூச்சு வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். கடையில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

இடைவெளியே தெரியக்கூடாது என்று ஷீட்டுகளை நெருக்கி அடிக்கச் சொல்லாதீர்கள். 3 மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடு கூடினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் உப்பும். அந்த இடைவெளிக் கோடுகள் ஜன்னல் விளிம்போடு நேராக வந்தால், சாதாரண ஷீட்டுக்கும் ஓர் ஒழுங்கு வந்துவிடும்.

வெளியே தெரியாத ஒன்றும் இருக்கிறது. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் இருப்பது வெறும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கா, தீயைத் தாங்கும் கனிமக் கலவையா? 2017இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் தீ வெளிச்சுவர் வழியாகவே மேலேறியது, 72 பேர் இறந்தார்கள். அங்கே நடுவில் இருந்தது பாலிஎத்திலீன். விலை குறைவு என்று அதை எடுக்க வேண்டாம்.

கருங்கல் பாறை மேலேயே உட்கார்ந்திருக்கும் ஊரில் கல் படம் அச்சடித்த ஷீட்டை ஒட்டுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவின் கருங்கல் 1956லிருந்து மழையில் நிற்கிறது. சரி, நிஜக் கல்லே போடுகிறீர்கள் என்றால், உயரத்தில் வெறும் சிமெண்டை நம்பி ஒட்டாதீர்கள். வெள்ளை உப்புப் பூக்கும், ஒருநாள் கழன்றும் விழும். துருப்பிடிக்காத எஃகு (எஸ்.எஸ்.) கிளாம்ப் வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

சித்தப்பா இப்போது தீபாவளிக்கு முன் ஆள் வைத்துக் கழுவுகிறார். ஏணி இரண்டாம் மாடி வரைதான் எட்டும். மூன்றாம் மாடி ஜன்னல்களில் கண்மை அப்படியே இருக்கிறது.