25 பேருக்குக் களி கிளறுவோம்: பொதுச் சமையல் தொடங்க ஒரு வழி

குடியாத்தத்திலிருந்து பரதராமி வழியாகச் சித்தூர் போகும் பக்கம், பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு குறைவு. 'மிலிட்டரிக்காரர்தானே, பென்ஷன் வருமே' என்பார்கள். சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 வருஷ சர்வீஸ் முடித்தால்தான் வழக்கமான பென்ஷன். நடுவில் வந்தவர் கூலி வேலைக்குத்தான் போகிறார். நாங்கள் இலவசமாகப் போடும் பந்தியில் அவரும் உண்டு, தனியாக இருக்கும் கிழவிகளும் உண்டு.

முதலில் பதிவு. இலவசமாகப் போட்டாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும்; லாபம் இல்லை என்பது விலக்கு ஆகாது. அடுப்புக்கு வீட்டு சிலிண்டர் கூடாது, 19 கிலோ கமர்ஷியல் வாங்குங்கள்.

அப்புறம் சமையல். தொடக்கத்தில் 25 பேர் போதும். பிரியாணி ஆசை வேண்டாம். இங்கே வயசானவர்கள் கேட்பது கேவுரு (கேழ்வரகு) களிதான். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே உருண்டைக்கு சங்கட்டி என்று பெயர்.

மாவு இரண்டரை கிலோ, அரிசி நொய் முக்கால் கிலோ, தண்ணீர் 8 லிட்டர். நொய்யை உப்புப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். மாவை நடுவில் குன்று போலக் கொட்டி, துடுப்புக் காம்பால் குழி போடுங்கள். கிளறக் கூடாது! மூடி வைத்து, சின்னத் தீயில் பத்து நிமிஷம். முதல் தடவை நான் அவசரப்பட்டுக் கிளறி, உள்ளே மாவுக்கட்டியோடு பரிமாறித் திட்டு வாங்கினேன். பிறகு ஒருவர் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கிளற வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல்.

சமைப்பதைவிடக் கஷ்டம், கூப்பிடுவது. டோக்கன் கொடுத்து வரிசையில் நில் என்றால் பழைய சிப்பாய் வரவே மாட்டார். "ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுத ஆள் இல்லீங்க ஐயா, கொஞ்சம் வர்றீங்களா?" என்று கேளுங்கள். எங்கள் முன்னாள் ஹவில்தார் அப்படித்தான் வந்தார். இப்போது பருப்பு கால் கிலோ குறைந்தாலும் என்னைத்தான் கேட்கிறார். சாப்பிடும்போது யாரையும் போட்டோ எடுக்காதீர்கள்.

கீரை மிஞ்சினால் கொட்டிவிடுங்கள், மறுநாளுக்கு ஆகாது. மிஞ்சிய களி உருண்டையைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் பாத்திரம் கழுவ வருகிறவர்கள் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பார்கள்.