பழைய ஸ்கார்பியோவில் புது ஸ்டீரியோ: டேஷ்போர்டு திறந்திருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலைகள்

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய ஸ்கார்பியோ, பொலேரோ, சஃபாரி எதை வாங்கினாலும் முதலில் கை வைக்கத் தோன்றுவது ஸ்டீரியோவில்தான். பழைய செட்டில் ப்ளூடூத் இருக்காது, டிஸ்ப்ளே பாதி எழுத்துதான் காட்டும், பள்ளத்தில் இறங்கினால் பாட்டு நின்றுவிடும். இதில் கடைசிக் கோளாறு பெரும்பாலும் செட்டுடையதே அல்ல. வண்டி கைமாறிய ஒவ்வொரு முறையும் யாரோ கம்பெனி கப்ளரை (வயர்களைச் செருகி இணைக்கும் பிளக்கை) வெட்டி, வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டுக்குள் அந்த டேப்பின் பசை இளகி வழிந்து, முறுக்கு தளர்ந்து கிடக்கும். அதே முறுக்கில் புது செட்டைக் கொடுத்தால் பழைய கோளாறும் கூடவே வரும். வயரிங்கைச் சரிசெய்வதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. செட் மாட்டுவது மிச்சக் கால் பங்குதான்.

முதலில் பேட்டரி

செட் வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரவேண்டும். ஹெட்லைட்டும் புளோயரும் முழுக்கப் போட்டபிறகு 13க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டரையோ (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஜெனரேட்டர்) அதன் பெல்ட்டையோ பார்க்காமல் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

அடுத்தது எர்த், அதாவது வண்டியின் இரும்பு பாடி வழியே பேட்டரி நெகட்டிவ்வுக்கு மின்சாரம் திரும்பும் வழி. ஹெட்லைட் எரியும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மறு முனையை பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் கேபிளின் போல்ட் அடியில் துரு இருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். பேட்டரி முனையில் பூத்திருக்கும் பச்சை வெள்ளைப் பொடிக்குச் சமையல் சோடா கலந்த வெந்நீர் போதும். விட்டுவிட்டு எரியும் விளக்கு, ஸ்டார்ட் செய்யும்போது அணைந்து போகும் செட் என்று பாதிக் குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

எந்த செட்?

பேனலைக் கழற்றி ஓட்டையை அளந்த பிறகே கடைக்குப் போங்கள். ஸ்டீரியோ ஓட்டையின் அளவை ‘டின்’ கணக்கில் சொல்வார்கள்: ஒற்றை டின் என்றால் 180 × 50 மி.மீ., இரட்டை டின் என்றால் 180 × 100 மி.மீ. ஒரே மாடலிலும் வருஷத்துக்கும் வேரியன்ட்டுக்கும் ஏற்ப டேஷ்போர்டு மாறுவதால், ‘ஸ்கார்பியோவுக்கு’ என்று மட்டும் கேட்டு வாங்கும் ஃப்ரேம் பொருந்தாமல் போகலாம். 9 இன்ச் ஆண்ட்ராய்டு திரை வேண்டுமென்றால் உங்கள் வருஷத்துக்குரிய ஃப்ரேமும், வண்டியின் கப்ளரில் நேரே செருகும் வயரிங் செட்டும் சேர்த்துக் கேளுங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டில் இவை கிடைக்கும். உடைந்த பேனல், கிளிப், வெட்டுப்படாத பழைய கப்ளர் வேண்டுமானால் புதுப்பேட்டை.

அட்டைப்பெட்டியில் ‘4 × 50 வாட்’ என்று போட்டிருப்பதை நம்பி விலை பேசாதீர்கள். செட்டின் பின்னால் 10 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். 14 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 140 வாட். அதிலிருந்து 200 வாட் எப்படி வெளியே வரும்? தொடர்ந்து கிடைப்பது சேனலுக்கு 15 முதல் 20 வாட். நான்கு கதவு ஸ்பீக்கருக்கு அது தாராளம். ஆண்ட்ராய்டு செட் என்றால் 2 ஜிபி ரேமுக்குக் கீழே வாங்க வேண்டாம். மேப்பும் பாட்டும் சேர்ந்து ஓடும்போது திணறும்.

கழற்றுவது

10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ்வை முதலில் எடுங்கள். பாசிட்டிவ்வை முதலில் தொட்டு ஸ்பேனர் பாடியில் பட்டால் நெருப்புப்பொறி பறக்கும். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் அதன்பிறகு குறைந்தது 5 நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் உறை போட்ட வயரையும் மஞ்சள் கப்ளரையும் தொடவே கூடாது, மீட்டரும் வைக்கக் கூடாது.

பழைய பிளாஸ்டிக் மொறமொறத்துப் போயிருக்கும். காலைக் குளிரில் நெம்பினால் கிளிப் ஒடியும். வண்டியைச் சற்று நேரம் வெயிலில் நிறுத்திச் சூடேறியபின் பிளாஸ்டிக் நெம்புகோலால் மெதுவாகக் கிளப்புங்கள். திருப்புளி வைத்தால் விளிம்பில் தழும்பு விழும். பேனல் அசைய மறுத்தால் ஸ்க்ரூ ஒன்று பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஆஷ்ட்ரேக்குப் பின்னாலும், சுவிட்சுகளுக்கு இடையிலும், ஏசி வென்ட்டுக்குக் கீழேயும் தேடுங்கள். செட்டின் இரு ஓரத்திலும் மெல்லிய பிளவு தெரிந்தால் அதற்கென்று உள்ள இரண்டு சாவித் தகடுகளைச் செருகி இழுக்க வேண்டும். ஒவ்வொரு கப்ளரையும் பிடுங்கும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வயரிங்

புது செட்டின் வயர் நிறங்களுக்குப் பொதுவான வழக்கு உண்டு. மஞ்சள்: எப்போதும் 12 வோல்ட். சிவப்பு: சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட். கறுப்பு: எர்த். ஆரஞ்சு: பார்க் லைட். நீலம்: ஆன்டெனாவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் போகும் 12 வோல்ட். ஸ்பீக்கரில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு ஓடினால் அது நெகட்டிவ்.

இந்த நிறக்கணக்கு செட்டோடு வரும் வயருக்கு மட்டும்தான். வண்டியிலிருந்து வரும் வயர்களுக்குக் கம்பெனி வேறு நிறம் வைத்திருக்கும். அங்கே நிறம் பார்த்து இணைப்பதுதான் செட் எரிவதற்கு முதல் காரணம். பேட்டரியை மறுபடி மாட்டி, வண்டிப்பக்கக் கப்ளரில் மீட்டர் வைத்துப் பாருங்கள். சாவி இல்லாமலே 12 காட்டினால் அது மஞ்சளுக்கு. சாவியை ஒரு படி திருப்பினால் 12 வந்து, எடுத்தால் போனால் சிவப்புக்கு. பார்க் லைட் போட்டால் 12 வருவது ஆரஞ்சுக்கு.

எர்த்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பார்க் லைட் வயர், விளக்கு அணைந்திருக்கும்போது பல்புகள் வழியாக எர்த் போலவே மீட்டரில் காட்டும். அதில் கறுப்பைக் கொடுத்தால் பகலில் செட் நன்றாக ஓடும். மாலை லைட்டைப் போட்டதும் செத்துவிடும். லைட் எரியும்போதும் எர்த்தாகவே இருப்பதுதான் எர்த். சந்தேகம் இருந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இரும்பு ஃப்ரேமில் பெயின்ட்டைச் சுரண்டி, வளையமுனை வைத்துப் போல்ட்டில் இறுக்கிப் புது எர்த் எடுங்கள்.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் ஒவ்வொரு முறை சாவி எடுக்கும்போதும் நேரமும் ஸ்டேஷனும் அழியும். அதைத் தவிர்க்க இரண்டையும் சேர்த்து நேர் 12 வோல்ட்டில் முறுக்கிவிடுவது அவசரத்தில் செய்யும் வேலை. சாவி எடுத்தாலும் செட் உள்ளுக்குள் விழித்தே இருக்கும், பேட்டரி இறங்கும். பழைய வண்டியில் இந்த முறுக்கைக் கண்டால் தயங்காமல் பிரியுங்கள்.

ஸ்பீக்கரின் நெகட்டிவ்வை எக்காரணம் கொண்டும் பாடியில் கொடுக்காதீர்கள். இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலுமே பேட்டரியில் ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜ் நிற்கும். ஒன்று பாடியில் பட்டால் ஆம்ப்ளிஃபயர் ஐசி போய்விடும். இணைக்கும் முன் ஒவ்வொரு ஜோடியையும் மீட்டரில் அளங்கள்: 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். பாடிக்கும் வயருக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் கதவு இடுக்கில் வயர் நசுங்கியிருக்கிறது. எந்த முனை பாசிட்டிவ் என்று தெரியாவிட்டால் 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொட வையுங்கள். கோன் வெளியே எழும்பினால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்டதுதான் ஸ்பீக்கரின் பாசிட்டிவ். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் முனை மாறி இருந்தால் சத்தம் வரும், பேஸ் மட்டும் காணாமல் போகும். ஸ்பீக்கர் சரியில்லை என்று பலர் மாற்றிவிடுவது இதனால்தான்.

இணைப்பை ஈயம் பற்றவைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். ஸ்லீவை முதலிலேயே வயரில் கோத்துக்கொள்ள மறந்தால் பற்றவைத்ததைப் பிரிக்க வேண்டிவரும். எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வராதபடி வயர்களை ஏற்றஇறக்கமாக வெட்டினால் கட்டு பருமனாகாது, ஒன்றோடொன்று உரசவும் உரசாது. மேலே துணி டேப் சுற்றினால் டேஷ்போர்டுக்குள் கடகடக்காது.

எஃப்எம் மட்டும் இரைந்தால் நீல வயரைப் பாருங்கள். ஆன்டெனா அடியில் பூஸ்டர் உள்ள வண்டியில் அந்த 12 வோல்ட் போகாவிட்டால் சிக்னல் பிடிக்காது. ரிவர்ஸ் கேமராவின் வீடியோ கேபிளில் இரு முனையிலும் ஒரு மெல்லிய சிவப்பு வயர் தனியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்முனையை ரிவர்ஸ் விளக்கின் 12 வோல்ட்டில், கேமராவின் சிவப்போடு சேர்த்துக் கொடுங்கள். முன்முனையை செட்டின் ரிவர்ஸ் வயரில் கொடுங்கள். வேறு வயர் இழுக்க வேண்டியதில்லை. ஜிபிஎஸ் ஆன்டெனாவின் காந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும். இரும்புத் தகட்டுக்கு அடியில் வைக்காமல் டேஷ்போர்டின் மேல்தோலுக்குக் கீழே ஒட்டுங்கள். மைக்கை ஏசி காற்று படாத இடத்தில், டிரைவர் பக்கத் தூணில் வையுங்கள்.

ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ‘வீ’ என்ற ஓசை ஏறினால் ஆல்டர்னேட்டர் இரைச்சல் உள்ளே வருகிறது. ஆம்ப்ளிஃபயர் போட்டிருந்தால் செட்டும் அதுவும் வெவ்வேறு இடத்தில் எர்த் எடுத்திருக்கும். அல்லது செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் பவர் கேபிளோடு ஒரே பக்கம் ஓடும். ஆர்சிஏ கேபிளை வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். மொபைலை சார்ஜரில் போட்டு ஆக்ஸ் கேபிளில் பாட்டு வைத்தால் மட்டும் வருகிறதென்றால் குறை சார்ஜரில்.

கதவைத் திறந்த கையோடு

ஸ்பீக்கருக்காகக் கதவின் உள்பேடைக் கழற்றும் நாளில் கண்ணாடியையும் கவனித்துவிடுங்கள். பவர் விண்டோ மெதுவாக ஏறினால் இன்ஜின் ஓட, பட்டனை அமுக்கியபடி மோட்டார் கப்ளரில் அளங்கள். 13க்குப் பக்கத்தில் இருந்தால் மோட்டாரோ கண்ணாடி ஓடும் ரப்பர் காடியோ காரணம். 11க்குக் கீழே என்றால் சுவிட்ச் முனை கருகியிருக்கிறது அல்லது வயர் இற்றிருக்கிறது. காடிக்கு சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். இன்ஜின் ஆயிலோ கிரீஸோ போட்டால் ரப்பர் உப்பி இன்னும் இறுகும், மண்ணும் ஒட்டும்.

சென்ட்ரல் லாக் ஒரு கதவில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கதவுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் மடிப்பு ரப்பர் குழாயை இழுத்து உள்ளே பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை மடங்கி, மேலுறை முழுசாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்த வயர் அங்கே இருக்கும். விரலால் இழுத்தால் ரப்பர் போல நீளும். அதுதான் அடையாளம். ஸ்டெப்னியைப் பின்கதவில் சுமக்கும் பொலேரோவில் அந்தக் கதவின் வயரையும் கட்டாயம் பாருங்கள்.

ஸ்பீக்கர் வாங்கும்போது விட்டத்தோடு ஆழத்தையும் அளங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கதவுத் தகட்டிலிருந்து கண்ணாடி வரை எவ்வளவு இடம் என்று பார்த்தால்தான் காந்தம் இடிக்குமா என்று தெரியும். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளைக் கிழித்து எறியாதீர்கள். மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அதை ஸ்பீக்கரிலும் கார்ப்பெட்டிலும் படாமல் கீழே வழியவிடுவது அந்தத் தாள்தான். கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்திச் சேற்றை எடுத்துவிடுங்கள்.

டேஷ்போர்டு இன்னும் திறந்திருக்கிறது

புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. ரெசிஸ்டர் போயிருக்கிறது. முழு ஸ்பீடில் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே போவதால் அது மட்டும் மிஞ்சுகிறது. காற்றுப்பாதைக்குள் இருக்கும் அந்தச் சிறு பாகத்தை மாற்றும்போது கப்ளர் உருகியிருக்கிறதா பாருங்கள். உருகிய கப்ளரில் புது ரெசிஸ்டரும் நிற்காது. இடது முன்சீட்டின் கார்ப்பெட் நனைந்திருந்தால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கும். கீழேயிருந்து மெல்லக் காற்று ஊதினால் போதும்.

ஹெட்லைட் மங்கலென்றால் 100 வாட் பல்பு போடாதீர்கள், ஹோல்டர் உருகும். 60/55 வாட் எச்4 பல்பே போதும். பல்பு முனையில் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பேட்டரியிலிருந்து நேரே வரும் ரிலே வயரிங் (சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்க, பல்புக்கான மின்சாரம் ரிலே வழியே போகும்), 15 ஆம்பியர் ஃபியூஸோடு, அந்த வெளிச்சத்தைத் திரும்பக் கொடுக்கும். மஞ்சளடித்த பிளாஸ்டிக் ஹெட்லைட் மூடிக்கு 800, 1500, 2000 என்று தண்ணீர் உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிர் தாங்கும் கிளியர்கோட் அடியுங்கள். கோட் அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும்.

எல்லாவற்றையும் மாட்டும் முன் பேனல் வெளியே தொங்கியபடியே நான்கு ஸ்பீக்கர், எஃப்எம், கேமரா, பார்க் லைட், ஹார்ன் அனைத்தையும் சோதியுங்கள். பிறகு மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, சிவப்பு முனையைச் சரியான துளைக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவ்வுக்கும் கேபிளுக்கும் நடுவே இணையுங்கள். அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கதவை மூடி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதியாகப் பேனலை அமுக்கி மூடலாம். 300 காட்டினால் நாளைக்கு 7 ஆம்பியர்-மணி போகும். 65 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி, ஐந்து நாளுக்குள் காலி. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதை எடுத்ததும் மீட்டர் இறங்குகிறதோ அந்த வழியைப் பின்தொடருங்கள். அது ஸ்டீரியோ ஃபியூஸாக இருந்தால் சிவப்பு வயரைத்தான் மறுபடி அளக்க வேண்டும்.