பாறு வரையப் போய்ப் பருந்தான கதை

நீலகிரி அடிவாரத்து ஊர் ஒன்றில், பள்ளிச் சுற்றுச்சுவரில் நாங்கள் நான்கு பேர் இரண்டு நாள் வெயிலில் நின்று ஒரு பாறு வரைந்தோம். பிணந்தின்னிக் கழுகு என்று பலர் சொல்லும் பறவைகளில் ஒன்றான, அழிவின் விளிம்பில் இருக்கும் வெண்முதுகுப் பாறு. மூன்றாம் நாள் காலையில் மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். கருடன் அழகாக வந்திருக்கிறது என்று சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் மேல் தவறே இல்லை. அந்தப் பறவைக்குக் கழுத்தின் அடியில் மட்டும் வெள்ளை இறகு வளையம் உண்டு. அதற்கு மேலே கழுத்தும் தலையும் மெல்லிய பூந்துய் தவிர வெறுமையாக, சாம்பலும் மங்கிய இளஞ்சிவப்பும் கலந்து இருக்கும். மொட்டைத் தலை பார்க்க நன்றாக இராது என்று நாங்களே முடிவு செய்து, வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக உச்சி வரை ஏற்றிவிட்டோம். கறுப்பாக இருக்க வேண்டிய உடலுக்குச் சுவரில் எடுப்பாகத் தெரியட்டும் என்று செங்காவி. வெள்ளைத் தலை, செங்காவி உடல் என்றால் அது செம்பருந்துதான், கருடன்தான். பிள்ளையார் பிடிக்கப் போன கதையாகிவிட்டது.

அழியும் பறவைகளைச் சுவரில் வரையும் ஆர்வம் இப்போது பள்ளிகளிலும் ரயில் நிலையங்களிலும் பரவியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் தவறாக வரைந்த பறவையைப் பார்த்துப் பழகிய பிள்ளை, நிஜப் பறவை தலைக்கு மேல் பறந்தாலும் அடையாளம் காணாது. நாங்கள் செய்ததும் மற்றவர்கள் செய்யக் கண்டதுமான பிழைகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழில் எல்லாவற்றையும் ‘கழுகு’ என்று சொல்லிவிடுகிறோம். இரையை வேட்டையாடும் கழுகு வேறு, இறந்த உடலை உண்ணும் பாறு வேறு. வேட்டையாடும் பறவைக்குக் கால்களில் வலுவான கொக்கி நகங்கள் வேண்டும். பாறுக்கு அது தேவையில்லை. அதன் கால் தரையில் நடக்கவும் உடல் மேல் ஏறி நிற்கவும் ஏற்றது, நகங்கள் மழுங்கியவை. சடாயு படங்களைப் பாருங்கள், பெரும்பாலும் தலை நிறைய இறகோடு, நீண்ட வளைநகங்களோடு கழுகாகவே இருக்கும். தலையை அழுகிய உடலுக்குள் நுழைத்து உண்ணும் பறவைக்கு அங்கே இறகு அடர்ந்திருந்தால் என்ன பாடுபடும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும், ஓவியர் கை தானாகவே திருந்தும்.

திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு போன இரண்டு பறவைகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1990களில் அவை வருவது நின்றுபோனது. அவை மஞ்சள்முகப் பாறுகள்: வெள்ளை உடல், மஞ்சள் முகம், இறக்கை ஓரத்தில் கறுப்பு, ஆப்பு வடிவ வால். இதை வரைய இணையத்தில் படம் தேடினால் ஸ்பெயினிலும் ஆப்பிரிக்காவிலும் எடுத்த படங்களே முதலில் வந்து நிற்கும். அங்குள்ள பறவைக்கு அலகு நுனி கருத்திருக்கும். நம் நாட்டுத் துணையினத்துக்கு அலகு முழுவதும் வெளிர் மஞ்சள். இந்தத் துணையினத்தின் அறிவியல் பெயரான ‘ஜிஞ்ஜினியானஸ்’ நம் செஞ்சியிலிருந்து வந்தது. பிரெஞ்சுப் பயணி சொன்னெரா அதைச் ‘செஞ்சிப் பாறு’ என்றுதான் வருணித்தார். விழுப்புரம் மாவட்டத்துச் சுவரில் இந்தப் பறவையை ஆப்பிரிக்க அலகோடு வரைந்தால் செஞ்சிக் கோட்டையே சிரிக்கும்.

கானமயில் என்றதும் தோகை விரித்த மயிலை வரைந்த சுவரை நானே பார்த்திருக்கிறேன். கானமயில் மயிலே அல்ல. புல்வெளியில் நடந்து திரியும், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள கனத்த பறவை அது. பழுப்பு முதுகு, வெள்ளைக் கழுத்து, கருந்தொப்பி. இன்று உலகில் இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பின்விரல் கிடையாது, முன்னோக்கிய மூன்று விரல்கள் மட்டும். ஆகவே கிளையைப் பற்றி உட்கார முடியாது. மயிலைத் தவிர்த்துச் சரியான பறவையை வரைந்தவர்கள்கூட அதை ஆலமரக் கிளையில் ஏற்றி உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு கண்ணி, சோலைக்கிளி. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைக்காடுகளில் தரையோடு தத்தித் திரியும், ஏறத்தாழ பதினைந்து சென்டிமீட்டரே உள்ள நீலநிறச் சிட்டு அது. மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகச் சிறு பறவை. தமிழில் பச்சைக்கிளி. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஓவியரை விட்டுவிட்டால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

எந்தப் பறவை என்று கேட்காமலே தூரிகை எடுப்பது

‘அழியும் பறவைகளைக் காப்போம்’ என்ற தலைப்பின் கீழ் அதிகம் வரையப்படும் பறவைகள் மயில், சிட்டுக்குருவி, மரகதப்புறா. மூன்றுமே அழிவின் விளிம்பில் இல்லை. மயில்கள் நாட்டில் பெருகிவருகின்றன, நிலக்கடலை விதைத்த விவசாயியைக் கேட்டால் வேறு தொனியில் சொல்வார். மரகதப்புறா நம் மாநிலப் பறவை, அவ்வளவே. சொல்லப்போனால் அதையும் சரியாக வரைவதில்லை. பச்சை இறக்கையிலும் மேல்முதுகிலும் மட்டும்தான். மார்பும் கழுத்தும் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, அலகு சிவப்பு.

சிட்டுக்குருவிதான் சங்கடமானது. செல்போன் கோபுரத்தின் கீழ் செத்துக் கிடக்கும் குருவியை வரையாத பள்ளி குறைவு. 2020இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சில பெருநகரங்களில் குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் கடந்த கால் நூற்றாண்டில் ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. அதே வரிசையில் 2023இல் வந்த அறிக்கை 942 இனங்களை அலசி, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் வேண்டும் என்று பட்டியலிட்டது. அந்த 178இல் உங்கள் மாவட்டத்தில் இருப்பது எது என்று தேடி வரைந்தால் சுவருக்கும் பெருமை, பறவைக்கும் உதவி. குருவியை வரையக் கூடாது என்று சொல்லவில்லை. அழிகிறது என்று எழுதாமல் வரையுங்கள்.

அமெரிக்க அலகு

இருவாச்சி என்று வரையப்படுவனவற்றில் ஒரு பாதி, தென்னமெரிக்க டூக்கான். பளபளக்கும் ஆரஞ்சு அலகு, கறுப்பு உடல், வெள்ளை மார்பு, சுற்றிலும் செம்பருத்தி. சுவர்க்காகித மாதிரிகளில் மலிந்து கிடக்கும் படம் அது. நம் பெரிய இருவாச்சிக்கு அலகின் மேல் கொண்டைபோல் ஓர் அமைப்பு உண்டு. கழுத்தின் மஞ்சளும் இறக்கைப் பட்டையின் மஞ்சளும் இயற்கையில் வெள்ளை இறகுகளே. வாலடிச் சுரப்பியின் எண்ணெயைப் பறவை தானே பூசிக்கொள்வதால் வந்த நிறம். எனவே எலுமிச்சை மஞ்சளை ஒரே சீராக அடிக்காமல், ஓரங்களில் வெள்ளை எட்டிப் பார்க்கும்படி கறை படிந்தாற்போல் அடிக்க வேண்டும். கண்ணைப் பாருங்கள்: ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு வெளிறிய வெள்ளை. இரண்டுக்கும் ஒரே கண் வைத்தால் சோடி என்று எழுதி வைத்த பலகை பொய்யாகிவிடும்.

அதைவிடப் பெரிய பிழை, குச்சிக் கூட்டில் குஞ்சுகளோடு தாயும் தந்தையும் உட்கார்ந்திருப்பது. இருவாச்சி கூடு கட்டாது. பெருமரப் பொந்துக்குள் பெண் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவு சந்து மட்டும் விடும். வாரக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழமும் பிறவும் கொண்டுவந்து ஊட்டும். அந்த ஆண் செத்தால் உள்ளே இருப்பவையும் செத்தன என்றே வைத்துக்கொள்ளலாம். பெருமரம் வெட்டினால் இருவாச்சி ஏன் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல படம் எது? அதை விட்டுவிட்டுக் காக்கைக் கூட்டை வரைந்து வைக்கிறோம்.

பறவை நிற்கும் இடம்

உதயசூரியன், இரண்டு தென்னை, தாமரைக் குளம் என்ற பின்னணி ஒன்று எல்லாச் சுவரோவியர் கையிலும் தயாராக இருக்கிறது. எந்தப் பறவையையும் அதன் முன் நிறுத்திவிடலாம் என்பது எண்ணம். மாயாற்றுப் பள்ளத்தாக்கின் வெண்முதுகுப் பாறுகள் ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறு பாறை முகடுகளில் கூடு கட்டும். பின்னணி மாறினால் சொல்லும் செய்தியே மாறிவிடும், ஏனென்றால் காக்க வேண்டியது பறவையோடு அந்த மரத்தையும்தான்.

ஊரும் பொருந்த வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் மலையை இரண்டாகப் பிளக்கிறது. அதற்கு வடக்கே நீலகிரியில் வாழும் சோலைக்கிளிக்கு விலாப்பக்கம் செம்பழுப்பு. தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வாழ்வது வேறு இனம். விலா நீலம், வயிறு வெள்ளை. கொடைக்கானலில் நீலகிரிப் பறவையை வரைவது, பக்கத்து வீட்டுக்காரர் படத்தை நம் வீட்டு வரவேற்பறையில் மாட்டுவது போல.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அரிச்சுவடி அட்டவணை போல எல்லாப் பறவைகளையும் ஒரே அளவில் வரிசைப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. வெண்முதுகுப் பாறு இறக்கை விரித்தால் இரண்டு மீட்டரை எட்டும். அதை உண்மை அளவில் வரைந்து பாருங்கள். பிள்ளைகள் இடைவேளையில் ஓடிவந்து கையை விரித்து அளந்து பார்ப்பார்கள், யாரும் கூப்பிடவே வேண்டாம். விரித்த நிலையில் கீழிருந்து பார்ப்பதாக வரைவது இன்னொரு வகையில் நல்லது. நாம் அதைப் பெரும்பாலும் வானத்தில்தான் பார்க்கிறோம். கருத்த உடலுக்கு இருபுறமும் இறக்கையின் முன்பாதி வெள்ளையாகத் தெரிவதே அடையாளம். பெயருக்குக் காரணமான வெள்ளை முதுகு கீழிருந்து தெரியாது. பெயரில் இருக்கிறதே என்று அதை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். இளம் பறவைகள் பழுப்பாக இருக்கும், அவற்றில் இந்த வெள்ளையே இராது. மாதிரிக்கு எடுக்கும் புகைப்படம் வளர்ந்த பறவையினுடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புகைப்படம் எடுத்தவரிடம் அனுமதியும் கேளுங்கள். கூட்டருகே போய் எடுத்த படங்களைத் தவிர்ப்பது நல்லது. செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களை மாதிரியாக வைத்தவர்கள், காலில் எத்தனை விரல் இருக்கிறது என்று எண்ணிவிட்டுத் தொடங்கவும்.

துப்பாக்கி இல்லாத கொலை

பாறு ஓவியங்களில் காலடியில் மண்டை ஓடு, பட்ட மரம், பின்னால் நிலா. ஏற்கெனவே அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட பறவைக்கு நாமே பேய்ப்படம் எடுக்கிறோம். இறந்த மாட்டைச் சுற்றிப் பாறுகள் அமர்ந்திருப்பதை வரையத் தயங்க வேண்டாம். மாடு வளர்ப்பவர்களுக்கு அது பழகிய காட்சி, ஊரின் துப்புரவு வேலை.

இன்னொரு பக்கம் வேட்டைக்காரன், துப்பாக்கி, சொட்டும் ரத்தம். இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் மறைந்தன, அதாவது ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது. அதைச் செய்தது துப்பாக்கி அல்ல, மாட்டுக்குப் போட்ட வலிநிவாரணி ஊசி. டைக்ளோஃபெனாக் செலுத்திய மாடு இறந்து, அதை உண்ட பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. 2004இல் இது கண்டறியப்பட்டது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தியதால் 2015இல் குப்பியின் அளவை மூன்று மில்லிக்குக் குறைத்தார்கள். 2023இல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை இழந்ததை மீட்க எத்தனை தலைமுறை ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வரிகூட இல்லாமல் ‘பாறுகளைக் காப்போம்’ என்று மட்டும் எழுதுவதில் யாருக்கு என்ன பயன்? காப்பது எப்படி என்று படிப்பவர் கேட்பாரே. கூடு இருக்கும் இடத்தை மட்டும் எழுத வேண்டாம், வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும்.

சுவர் விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. ஈரம் ஏறும் சுவரில் வரையாதீர்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வெளிப்புறச் சுவருக்கான எமல்ஷன் பயன்படுத்துங்கள். மேற்கு வெயில் படும் சுவரில் மலிவான சிவப்பு சீக்கிரம் வெளுக்கும், செந்தலைப் பாறு இரண்டு கோடையில் சாம்பல்தலைப் பாறு ஆகிவிடும். மரத்தண்டிலும் மலைப்பாறையிலும் வரைய வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்பு, கரித்துண்டால் கோட்டுருவம் போட்டவுடன் காட்டில் திரிந்து பழகிய ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். வேட்டைத் தடுப்புக் காவலரோ மாடு மேய்ப்பவரோ யாராக இருந்தாலும் சரி. வண்ணம் அடித்தபின் காட்டினால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

நாங்கள் அடுத்த மாதம் அதே சுவருக்குத் திரும்பினோம். தலையை மொட்டை அடித்தோம், உடலைக் கறுப்பாக்கினோம், பின்னால் நீர்மருது ஒன்று, கீழே ஒரு பசு. பெரியவர் மறுபடி வந்தார். இந்த முறை கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. இது செத்த மாடு தின்னும் பறவையல்லவா, எங்கள் அப்பா காலத்தில் கூட்டங்கூட்டமாக இறங்கும் என்றார். ஊசி விஷயத்தைச் சொன்னோம். சற்று நேரம் பசுவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் எதைப் போடச் சொல்லி டாக்டரிடம் கேட்பது என்றார். எங்கள் சுவரில் அதற்குப் பதில் இல்லை. மிச்சமிருந்த கறுப்பு வண்ணத்தில், பசுவின் காலடியில், அவர் கண் எதிரிலேயே எழுதினோம்: மெலாக்சிகம்.