ஒரே சண்டையை நாலு தடவை எழுதினவன் சொல்வது

எட்டு எபிசோட் கொண்ட ஒரு க்ரைம் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எடிட்டர் கூப்பிட்டு, இன்ஸ்பெக்டரும் மனைவியும் சண்டை போடும் சீன்களை மட்டும் அடுத்தடுத்து ஓடவிட்டார். "உங்களுக்கு டியூட்டிதான் முக்கியம்." "நான் யாருக்காக ஓடுறேன்?" படீரென்று கதவு. 2, 3, 5, 6 என நாலு எபிசோடிலும் இதேதான், சட்டை மட்டும் வேறு. எது எந்த எபிசோட் என்று எழுதின எனக்கே தெரியவில்லை.

அப்போதிருந்து சீன் ஆர்டர் போட்டதும் சண்டைகளை மட்டும் தனித்தாளில் எழுதிவிடுவேன். யாருக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறார்கள், முடியும்போது என்ன பறிபோனது என்று மூன்று கட்டம். மூன்றாவது காலியாக இருந்தால் அந்த சீன் வெறும் சத்தம். சந்தேகமாக இருந்தால் இரண்டு சண்டைகளை இடம் மாற்றிப் பாருங்கள். கதை எங்கேயும் இடறவில்லையா? ஒன்றைத் தூக்கிவிடலாம்.

அதற்காக எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம். வீடுகளில் வருஷக்கணக்காக ஒரே சண்டைதானே நடக்கிறது! 'தி சோப்ரானோஸ்' (1999–2007) என்ற அமெரிக்கத் தொடரின் 86 எபிசோடிலும் அதன் நாயகனான மாஃபியா தலைவர் டோனி பெரிதாகத் திருந்துவதில்லை. மனநல மருத்துவர் மெல்ஃபியிடம் வந்து புலம்புவார், கோபித்துக்கொண்டு போவார், திரும்ப வருவார். அலுக்காததற்குக் காரணம், கேட்டுக்கொண்டிருக்கும் மெல்ஃபி மாறிக்கொண்டே வருகிறார். கடைசிக்கு முந்தைய எபிசோடில் சிகிச்சையையே முடித்துக்கொள்கிறார். உங்கள் நாயகன் மாறாத ஜென்மம் என்றால், எதிரே நிற்பவரை மாற்றுங்கள்.

என் நாலு சண்டைகளுக்கு வருகிறேன். முதலாவதை அப்படியே வைத்தேன். மூன்றாவது எபிசோடில் அவர் பதில் பேசாமல் மனைவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். விசாரணை அறையில் குற்றவாளியைப் பேசவைக்க அவர் கையாளும் மௌனம் அது. "என்னையும் விசாரிக்கிறீங்களா?" என்கிறாள். அந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இரண்டு நாள் ஆனது. ஐந்தாவதில் அவர் சண்டைக்குத் தயாராக வருகிறார். அவள் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைக்கிறாள். ஆறாவதில் வீடே கிடையாது. விசாரணை அறையில் ஒரு சந்தேக நபர், "நான் யாருக்காக சார் ஓடினேன்?" என்கிறான். தன் டயலாக்கை அடுத்தவன் வாயில் கேட்டதும் இன்ஸ்பெக்டர் கேட்க வேண்டிய கேள்வியைக் கோட்டைவிடுகிறார். வழக்கு அங்கேதான் கையைவிட்டு நழுவுகிறது.

இடையில் செத்துப்போன தம்பியின் ஃப்ளாஷ்பேக் ஒன்றும் இருந்தது. பாத்திரத்துக்கு ஆழம் வரும் என்று நம்பிச் செருகியது, வரவில்லை, எடுத்துவிட்டேன்.

கடைசியாக, அந்த மூன்றாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். முதல் தடவை என் தாளில் நாலு இடத்திலும் 'நிம்மதி' என்று எழுதியிருந்தேன். திருத்தியபின்: ஒரு ராத்திரித் தூக்கம், அவள் நம்பிக்கை, அவள் கோபம், வழக்கு.