கந்தோர் அனுபவத்தை வீ.ஏ. தொழிலாக்குவது எப்படி?

கொழும்புக் கோட்டையில் ஒரு நிறுவனத்தில் பணிப்பாளரின் செயலாளராக இருந்த நான், இப்போது வெள்ளவத்தை வீட்டிலிருந்து ஒரு லண்டன்காரருக்கு விர்ச்சுவல் அசிஸ்டன்ட் (வீ.ஏ.) வேலை, அதாவது இணையம் வழியாகத் தூரத்திலிருந்தே செயலாளர் வேலை செய்கிறேன். விசாரிக்கிற தங்கச்சிமார் எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன கோர்ஸ் படிக்கவேணும் அக்கா?" என்றுதான். கோர்ஸைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு கொப்பி எடுத்து, உங்கள் மேசையில் நடக்கிற வேலைகளை எழுதுங்கள்.

"நிர்வாக வேலை தெரியும்" என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. "கூட்டம் முடிந்த மறுநாள் காலை கூட்டக்குறிப்பும், யார் எதை எப்போது முடிக்கவேணும் என்ற பட்டியலும் உங்கள் கையில் இருக்கும்" என்றால் ஆள் நிமிர்ந்து உட்காருவார். பயண ஏற்பாடு, பாக்கிக்காரருக்கு நினைவூட்டல் என்று ஒவ்வொன்றுக்கும் செய்முறையை எழுதி வையுங்கள். நிறுவனத்தின் கடிதமோ ஆட்களின் விபரமோ ஒன்றும் வெளியே வரக்கூடாது. வாய் இறுக்கமானவர் என்ற பெயர்தான் இந்தத் தொழிலுக்கு மூலதனம்.

ராஜினாமாக் கடிதம் கொடுக்க முன் திகதியைப் பாருங்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் பூர்த்தியானால்தான் சட்டப்படி பணிக்கொடை உண்டு, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். இரண்டு மாதம் குறைவாக இருந்தால் பொறுத்திருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) முதலாளி போடுகிற 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈ.டி.எஃப்.) போடுகிற 3 வீதமும் இனி வராது. உங்கள் கட்டணத்தை முடிவுசெய்யும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் போடவேணும். சம்பளத்தை மணித்தியாலத்தால் பிரித்து வருகிற தொகையைக் கேட்டால், லீவு, சுகயீனம், வேலை தேடுகிற நேரம் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

நான் லண்டனைத் தேர்ந்ததற்குக் காரணம் கடிகாரம். அங்கே காலை 9 மணி என்றால் கொழும்பில் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. சிட்னி என்றால் அவர்களின் 9 மணிக்கு நமக்கு விடியற்காலை 4.30, சில மாதங்களில் 3.30. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற வீட்டில் அது சரிவராது. லண்டன் தூங்கும்போதே நான் இன்பாக்ஸைத் திறந்து, அஞ்சல்களை மூன்றாகப் பிரிப்பேன்: நானே பதில் போடக்கூடியவை, நான் வரைவு எழுதி வாடிக்கையாளர் பார்க்கவேண்டியவை, அறிந்துகொண்டால் போதுமானவை. அவர் எழும்ப முன் ஒரு சிறு குறிப்புப் போய்விடும்: "இன்று உங்கள் முடிவு தேவைப்படுவது இரண்டு. வாடகை ஒப்பந்தத்துக்கு வரைவு தயார். 11 மணிக் கூட்டம் 11.30க்கு மாறியது, அறிவித்துவிட்டேன்." இந்த நாலு வரிக்காகத்தான் அவர் மாதாமாதம் காசு தருகிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அங்கே மணி மாறும், இங்கே மாறாது. அந்த வாரத்துக் கூட்டங்களை முன்கூட்டியே ஒருமுறை சரிபாருங்கள்.

தனிநபர் வியாபாரமாகப் பெயரைப் பதிவது பிரதேச செயலகத்தில், வெள்ளவத்தைக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய. கிராம சேவகரை முதலில் சந்தியுங்கள். இறைவரித் திணைக்களத்தில் டின் இலக்கம் (வரி செலுத்துபவருக்கான அடையாள இலக்கம்) எடுங்கள். வெளிநாட்டுக் காசு வங்கி வழியாகவே வரட்டும், ஒவ்வொரு இன்வொய்ஸையும் பத்திரப்படுத்துங்கள். வரி என்று வரும்போது அந்தக் கடதாசிகள்தான் பேசும்.

2022 மின்வெட்டைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: ரௌட்டருக்கு ஒரு சிறு யூ.பி.எஸ். (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடவைக்கிற பெட்டரி), கைத்தொலைபேசியில் வேறொரு நிறுவனத்தின் டேட்டா. இரண்டும் இல்லாமல் தொடங்கவேண்டாம்.

முதல் வாடிக்கையாளரைப் பெரிய தளங்களில் ஆயிரம் பேரோடு போட்டியிட்டுத் தேடுவதைவிட, லண்டனில் ஹரோ, ஈஸ்ட்ஹாம் பக்கம் சிறு கணக்காளர் அலுவலகம் நடத்துகிற நம்மவர்களிடம் கேளுங்கள். அங்கே தனிநபர் வருமானவரிப் படிவத்தை ஒன்லைனில் கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி 31. டிசம்பர் பிறந்தால் அவர்களுக்குத் தலை நிமிர நேரமிராது. ஒக்டோபரிலேயே எழுதுங்கள். "உங்கள் வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய ஆவணங்களை நான் நினைவூட்டி வாங்கித் தருகிறேன், யாருடையது வந்தது, யாருடையது வரவில்லை என்று தினமும் பட்டியல் அனுப்புகிறேன்" என்று அந்த ஒரு வேலையை மட்டும் கேளுங்கள். ரகசியக்காப்பு ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்டு அதோடேயே அனுப்புங்கள்.