பத்தரை மணிக்கு மேசையில் ரொட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நண்பர்கள் ஆறு பேரும் கஃபேயின் சன்னலோர மேசையில் கூடியிருக்க வேண்டும். நான் சுட்ட ரொட்டி நன்றாக ஆறி, அறுக்கத் தயாராக இருக்க வேண்டும். தூக்கம் கெட்டுக் கண் எரிச்சலோடு நான் உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒரே நாளில் கூடிவர எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. ரொட்டி சுடுவது அதற்கு முன்பே பழகிவிட்டது. எத்தனை மணிக்கு அறுக்கப்போகிறோம் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது.

காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து ஒரே வேளையாக்கும் இந்தப் பழக்கத்துக்கு ‘பிரன்ச்’ என்ற பெயர் அச்சில் வந்தது 1895-இல். கய் பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர், ஞாயிற்றுக்கிழமை சற்றுத் தாமதமாக எழுந்து நிதானமாக உண்ணலாமே என்று ஒரு கட்டுரையில் வாதாடினார். இந்த உணவு மனிதர்களைப் பேசவைக்கும் என்பதும் அவருடைய வாதங்களில் ஒன்று. எனக்கு அந்த ஒரு காரணமே போதும். பேசுவதற்காகக் கூடும் இடத்தில் ரொட்டி சுட்டவர் வாய் திறக்க முடியாத களைப்பில் இருந்தால் கூடியதன் பயன் பாதி போய்விடுகிறது.

மாவைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கஃபேயில் அனுமதி கேளுங்கள். தொலைபேசியில் கேட்பதைவிட, கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் நேரில் போய், ஒரு காப்பி வாங்கிக்கொண்டு கேட்பது நல்லது. வெளியிலிருந்து வரும் உணவை மேசையில் வைக்கச் சுகாதார விதிகள் இடம்கொடுக்காத கடைகள் உண்டு. அப்படி என்றால் வற்புறுத்தாதீர்கள். பிரன்ச்சை அவர்கள் சமையலோடு முடித்துக்கொண்டு, உங்கள் ரொட்டியை ஆளுக்கு ஒரு பங்காகத் தாளில் சுற்றி, விடைபெறும்போது கையில் கொடுக்கலாம். முதல் நான்கு மாதங்கள் நாங்கள் அப்படித்தான் செய்தோம். பிறகு கஃபேயை நடத்தும் அம்மையாரே, “மாதத்தில் ஒரு ஞாயிறு கொண்டு வாருங்கள். நாங்கள் சுடாத ஒன்றாக மட்டும் இருக்கட்டும்” என்றார். அந்த நிபந்தனை நியாயமானது. அவர்கள் விற்கும் பண்டத்தையே நாம் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போவது அவர்கள் பிழைப்பில் கைவைப்பதாகும். அங்கே பிஸ்கட்டும் பஃப்ஸும் இருந்தன, முழு ரொட்டி இல்லை. ஆகவே நான் ரொட்டியை எடுத்துக்கொண்டேன்.

இப்போது கணக்கு. பத்தரைக்கு அறுக்க வேண்டும், பத்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ரொட்டி ஆற ஒன்றரை மணி நேரம் என்றால் எட்டரைக்கு ஓவனிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். வேகும் நேரம் 45 நிமிடம், அதாவது ஏழே முக்காலுக்கு உள்ளே போக வேண்டும். ஓவனும் பாத்திரமும் சூடேற 45 நிமிடம், ஏழு மணிக்கு ஓவனைப் போட வேண்டும். வடிவம் கொடுத்த மாவு ஒன்றே முக்கால் மணி நேரம் வரை ஓய்வெடுக்கலாம், ஆகவே காலை ஆறு மணி. அதற்கு முன் பன்னிரண்டு மணி நேரம் மாவு தானாகப் பொங்கும். எனவே சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாவு கலக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். உங்கள் கூட்டம் பதினோரு மணிக்கு என்றால் எல்லாவற்றையும் அரை மணி தள்ளிக்கொள்ளுங்கள்.

இரவு முழுவதும் பொங்கவிடும் இந்த முறையில் பிசைய வேண்டியதில்லை. நியூயார்க்கில் ரொட்டிக்கடை நடத்தும் ஜிம் லேஹியின் இந்த முறை 2006-இல் ஒரு நாளிதழில் வெளிவந்து, உலகெங்கும் வீட்டுச் சமையலறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கை செய்யும் வேலையை நேரமே செய்துவிடுகிறது. ஈரமான மாவில் உள்ள புரதங்கள் மணிக்கணக்காகச் சும்மா கிடக்கும்போதே ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. அந்த வலைதான் ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கிறது.

என் அளவு இது: கோதுமை ரொட்டி மாவு 450 கிராம், தண்ணீர் 340 கிராம், உப்பு 9 கிராம், உடனடி ஈஸ்ட் 1 கிராம், அதாவது கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல். ரொட்டி சுடுபவர்கள் மாவை 100 என்று வைத்து மற்றவற்றை விழுக்காட்டில் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இது 75 விழுக்காடு தண்ணீர், 2 விழுக்காடு உப்பு. ரொட்டியின் எடையைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த விகிதம் மாறாது. கோப்பையால் அளக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே கோப்பையில் மாவைத் தூவி நிரப்பினால் 120 கிராம் வரும், அழுத்தி நிரப்பினால் 150 கிராமையும் தாண்டும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிய நாளில்தான் என் ரொட்டி வாரத்துக்கு வாரம் மாறாமல் வரத் தொடங்கியது.

பெரிய கிண்ணத்தில் மாவு, உப்பு, ஈஸ்ட் மூன்றையும் கலந்து, தண்ணீரை ஊற்றி, மரக்கரண்டியால் கிளறுங்கள். உலர்ந்த மாவு எங்கும் தெரியாதவரை கிளறினால் போதும், இரண்டு நிமிட வேலை. பிசுபிசுப்பாகவும் கரடுமுரடாகவும் இருக்கும். பயந்து மேலும் மாவு சேர்க்காதீர்கள். கிண்ணத்தை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அறை 21 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் பன்னிரண்டு மணி நேரம் சரியாக இருக்கும். அறை 30 டிகிரிக்கு வெந்துகொண்டிருந்தால் விடிவதற்குள் மாவு பொங்கி, மிஞ்சிப் புளித்து, அமுங்கிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் இரண்டு மணி நேரம் வெளியே வைத்து, குமிழ்கள் தலைகாட்டத் தொடங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த மாவு காலையில் சோம்பேறியாக இருக்கும் என்பதால் ஐந்தரைக்கே வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

காலை ஆறு மணிக்கு மூடியைத் திறக்கும் நொடி எனக்கு மிகவும் பிடித்தது. மாலையில் கூழாங்கல் போலக் கிடந்த மாவு இரட்டிப்புக்கு மேல் உயர்ந்து, மேற்பரப்பெல்லாம் சிறு சிறு குமிழ்களோடு, கிண்ணத்தை அசைத்தால் ததும்பும். மூடியின் உட்புறம் வியர்த்திருக்கும். மெல்லிய புளிப்பும் பழவாசனையும் கலந்து வரும். மேடையில் சிறிது மாவு தூவி இதைக் கவிழ்த்து, ஈரக் கையால் ஒரு விளிம்பை இழுத்து நடுவில் மடியுங்கள். அடுத்த விளிம்பு, அதற்கடுத்தது என்று நான்கு புறமும் மடித்துத் திருப்பிப் போட்டு, இரு உள்ளங்கைகளாலும் அணைத்தபடி உங்கள் பக்கமாக மெதுவாக இழுங்கள். மேடையில் உரசி இழுபடும்போது மேல்தோல் இறுகி வழவழப்பாகும். அந்த இறுக்கம்தான் ரொட்டியை அகலப் பரவவிடாமல் மேலே எழுப்பும். காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிடாதீர்கள். பட்டர் பேப்பரில் வைத்து, ஒரு கிண்ணத்துக்குள் இறக்கித் துணியால் மூடி ஓய்வெடுக்க விடுங்கள்.

ஏழு மணிக்கு, மூடியுள்ள கனத்த வார்ப்பிரும்புப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து 230 டிகிரியில் சூடேற்றுங்கள். மாவு தயாரா என்று அறிய, மாவு தடவிய விரலால் மெல்லக் குத்திப் பாருங்கள். குழி உடனே நிமிர்ந்துவிட்டால் இன்னும் பொறுங்கள். மெதுவாக, பாதி மட்டும் நிமிர்ந்தால் அதுதான் பதம். நிமிரவே இல்லை என்றால் நேரம் கடந்துவிட்டது, உடனே சுட்டுவிடுங்கள். ஏழே முக்காலுக்கு, மாவின் மேற்பரப்பில் கூரான கத்தியால் ஒரு கீறல் போட்டு, பட்டர் பேப்பரோடு தூக்கிப் பாத்திரத்துக்குள் இறக்கி மூடுங்கள். தடித்த கையுறை இல்லாமல் அந்தப் பாத்திரத்தைத் தொடவே கூடாது. மூடிய பாத்திரத்தில் மாவின் சொந்த ஈரமே நீராவியாகச் சுழல்கிறது. தோல் சீக்கிரம் இறுகாமல் நெகிழ்ந்திருப்பதால் ரொட்டி முழுதாக உப்ப முடிகிறது. 30 நிமிடம் கழித்து மூடியை எடுத்து, இன்னும் 15 நிமிடம் நிறமேற விடுங்கள். வெளிர் பழுப்பில் வெளியே எடுத்துவிடும் அவசரம் பலருக்கு இருக்கிறது. நல்ல அடர்ந்த பழுப்புவரை பொறுத்திருங்கள், சுவையின் பெரும்பங்கு அந்தத் தோலில்தான் இருக்கிறது. அடியைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் போல ஒலிக்க வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 95 டிகிரி காட்டும்.

இனிக் கை வைக்காதீர்கள். கம்பித் தட்டில் ஆறும் ரொட்டியின் தோல் சடசடவென்று மெல்ல வெடிக்கும் ஒலி கேட்கும். உள்ளே மாவுச்சத்து இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். ஒருமுறை தாமதமாகிவிட்டதென்று சூடாகவே கொண்டுபோய் மேசையில் அறுத்தேன். கத்தியில் பசை போல ஒட்டி, துண்டுகள் நசுங்கிப்போயின. அந்த ஒன்றரை மணி நேரம் சமையலில் சேர்ந்ததுதான். குளிக்கவும் உடுக்கவும் எனக்கு அந்த நேரம் கிடைக்கிறது.

ரொட்டி தவறினாலும் கைவிடாத துணையாக ஒரு வாழைப்பழக் கேக் சனிக்கிழமை பிற்பகலே செய்துவிடுகிறேன். அது மறுநாள்தான் இன்னும் ஈரமாகச் சுவைக்கும். கறுப்புப் புள்ளி விழுந்த மூன்று பெரிய பழங்களை மசித்து, 100 கிராம் உருக்கிய வெண்ணெய், 120 கிராம் சர்க்கரை, இரண்டு முட்டை சேர்த்து அடியுங்கள். 200 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு மூன்றையும் சலித்துக் கொட்டி, வெள்ளை மறையும்வரை மட்டும் கலக்குங்கள். ரொட்டிக்கு வேண்டிய புரத வலை கேக்குக்கு ஆகாது, அதிகம் கலக்கினால் ரப்பராகும். 175 டிகிரியில் 55 முதல் 60 நிமிடம்.

கஃபேக்கு எடுத்துப்போகும் பையில் ரம்பப் பல் கத்தி, சிறு பலகை, இரண்டு துணிகள், ஓர் அட்டை. அந்த அட்டையை யாரும் மறந்துவிடக் கூடாது. ரொட்டியில் கோதுமை இருக்கிறது, கேக்கில் கோதுமை, முட்டை, பால் இருக்கின்றன என்று பெரிய எழுத்தில் எழுதி மேசையில் வைக்கிறேன். எங்கள் ஆறு பேரில் ஒருவருக்குச் சீலியாக் நோய். கோதுமை சிறு துணுக்கு போனாலும் அவருக்கு ஆகாது. அவருக்காகக் கோதுமையில்லாத ரொட்டி சுட ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன். மாவு பறக்கும் என் சமையலறையில் அது பாதுகாப்பானதாக இருக்காது என்று அவரே எடுத்துச் சொன்னார். ஆகவே நறுக்காத பழங்களை வாங்கிப்போகிறேன், அவருக்கானதைக் கஃபேயில் கேட்டு வாங்குகிறோம். ரொட்டிப் பலகை மேசையின் மறுகோடியில் இருக்கும்.

அங்கே போனதும் ஒவ்வொருவரும் ஒரு பானமாவது ஒரு தட்டு உணவாவது வாங்க வேண்டும். இதில் எங்களுக்குள் விலக்கே இல்லை. அந்த மேசை அவர்களுக்குச் சோறு போடும் மேசை. கடை நிரம்பி, வாசலில் ஆட்கள் காத்திருந்தால் எழுந்துவிடுகிறோம். சில கஃபேக்களில் முன்பின் அறியாத ஒருவருக்காக ஒரு காப்பிக்குக் கூடுதலாகப் பணம் கட்டிவிட்டுப் போகலாம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய வழக்கம் அது. எங்கள் கஃபேயிலும் இருக்கிறது. கணக்கு முடிக்கும்போது மிச்சச் சில்லறை அதற்குப் போகும்.

தண்ணீரெல்லாம் சேர்த்துக் கலந்த மாவு 800 கிராம், அந்த ரொட்டியில் பன்னிரண்டு துண்டு வரும். ரொட்டி உண்ணும் ஐந்து பேருக்கு இரண்டிரண்டு போக, முதல் துண்டையும் கடைசித் துண்டையும் நான் தனியே வைப்பேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் எப்போதும் தனியாக வந்து உட்கார்வார். முதல்முறை அந்த ஓரத் துண்டை அவரிடம் நீட்டியபோது, “எனக்குத் தோல்தான் பிடிக்கும், எப்படித் தெரிந்தது?” என்று கேட்டார். அடுத்த மாதம் தன் வீட்டுப் பிளம் ஜாம் ஒரு குப்பி கொண்டுவந்து, எங்கள் மேசையிலேயே உட்கார்ந்தார். இப்போது நாங்கள் ஏழு பேர். மாவை 525 கிராம், தண்ணீரை 395 கிராம், உப்பைப் பத்தரை கிராம் ஆக்கிவிட்டேன். ஈஸ்ட் அதே அளவுதான்.

மீந்தால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் ரொட்டி மிக வேகமாக இறுகிப் பழசாகிறது. துண்டு துண்டாக அறுத்து உறைநிலைப் பெட்டியில் போட்டுவிட்டு, வேண்டும்போது உறைந்த துண்டை அப்படியே டோஸ்டரில் போடுங்கள். கேக் மீந்தால் நான் அதைக் கஃபேயின் சமையலறைக்குள் கொடுத்துவிட்டு வருகிறேன். பாத்திரம் கழுவும் பையனுக்கு ஓரத் துண்டு பிடிக்கும்.