10 கிலோமீட்டர் சாலைப் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி?

10 கிலோமீட்டர் என்பது புதியவரை எளிதில் ஏமாற்றிவிடும் தூரம். மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிடும் அளவுக்கு அது குறைவும் இல்லை. மாரத்தானைப் போல வாழ்க்கையையே மாற்றி அமைத்துக்கொள்ளச் சொல்லும் அளவுக்கு அதிகமும் இல்லை. வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே வாரத்தில் மூன்று நான்கு நாட்களை ஒதுக்கக்கூடிய ஒருவர், இடையில் நிற்காமல் 20 நிமிடம் மெதுவாக ஓட முடியுமானால், 10 முதல் 12 வாரங்களில் இந்தத் தூரத்தை நல்ல முறையில் ஓடி முடிக்கலாம். அந்த 20 நிமிடமே கடினம் என்பவர்கள், இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் சில வாரங்கள் பழகிய பிறகு இங்கே சொல்லப்படும் பயிற்சிக்கு வரலாம். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களும், சிரமப்படும்போது நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வருபவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மெதுவாக ஓடுவதே பெரிய வேலை

பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் பரவலாகக் காணப்படும் குறை, சோம்பல் அன்று. எல்லா நாளும் ஒரே மாதிரியான நடுத்தர வேகத்தில் ஓடுவதுதான். அந்த வேகம் உடலுக்கு ஓய்வு கொடுக்கும் அளவுக்கு மெதுவாகவும் இருக்காது, உடலை உயர்த்தும் அளவுக்குக் கடினமாகவும் இருக்காது. எனவே வாரத்தின் பெரும்பாலான ஓட்டங்கள், பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியங்களில் தடையின்றிப் பேச முடிகிற வேகத்தில் அமைய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால், கடிகாரம் எதைக் காட்டினாலும் வேகம் அதிகம் என்றே பொருள். தனியாக ஓடுபவர் தனக்குத்தானே உரக்கப் பேசிப் பார்த்துக்கொள்ளலாம்; எதிரில் வருபவர் ஒரு மாதிரியாகப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மெதுவான ஓட்டத்தில் உடலுக்குள் நடக்கும் வேலை வெளியே தெரிவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்தும் திறன் வளர்கிறது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 800 மீட்டர் பந்தயத்துக்கான வீரரைக்கூட வாரத்துக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓட வைத்தே அடித்தளம் அமைத்தார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றனர். நமக்கு அந்தத் தூரம் தேவையில்லை. 800 மீட்டர் வீரருக்கே அந்த அடித்தளம் தேவைப்பட்டது என்றால், 10 கிலோமீட்டர் ஓடப்போகிறவர் அதைத் தாண்டிக் குதித்துவிட முடியாது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

நிதானத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடுகின்றன. எலும்பும் தசைநாணும் சுமைக்குப் பழகப் பல மாதங்கள் ஆகும். இன்னும் ஓடலாம் என்று மூச்சு சொல்லும் கட்டத்தில் முன்கால் எலும்பு (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருப்பது) அதற்குத் தயாராக இருப்பதில்லை, பெரும்பாலான காயங்கள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. அதைக் கணக்குப் பிசகாமல் பின்பற்றுவதைவிட, மூன்று வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காவது வாரம் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து ஓடுவது நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

வாரத்தின் அமைப்பு

நான்கு நாள் ஓடுபவருக்கு 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரண்டு மெதுவான ஓட்டங்கள், ஒரு நீண்ட ஓட்டம், ஒரு வேகப் பயிற்சி ஆகியவை போதும். மூன்று நாள்தான் கிடைக்கும் என்றால் மெதுவான ஓட்டங்களில் ஒன்றை விட்டுவிடலாம், நீண்ட ஓட்டத்தை விடக் கூடாது. அதை 6 கிலோமீட்டரில் தொடங்கி, பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பாக 12 கிலோமீட்டர் வரை கொண்டுபோனால், பந்தய நாளில் தூரம் அச்சுறுத்தாது.

வேகப் பயிற்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் நான்கு வாரங்களுக்கு ஃபார்ட்லெக் போதும். 1930-களில் சுவீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் உருவாக்கிய இந்த முறையில், ஓட்டத்தின் நடுவே ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவோட்டம் என்று எட்டு முறை செய்யலாம். தூரத்தை அளக்க வேண்டியதில்லை. அடுத்த நான்கு வாரங்களுக்கு, ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வேகம் எதுவோ அந்த வேகத்தில் 20 நிமிடத் தொடர் ஓட்டம். கடைசிக் கட்டத்தில், பந்தயத்தில் ஓட நினைக்கும் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் வீதம் ஐந்து முறை, இடையிடையே இரண்டு நிமிட மெதுவோட்டம். ஐந்தாவது கிலோமீட்டர் முதலாவதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நேரம் எடுத்தால், கால்கள் பலவீனம் என்று முடிவுகட்ட வேண்டாம். முதலாவதை அளவுக்கு மீறி ஓடியிருக்கிறோம். ஒவ்வொரு வேகப் பயிற்சிக்கும் முன்னும் பின்னும் பத்து நிமிட மெதுவோட்டம் கட்டாயம்.

வாரத்தில் இரண்டு நாள், படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்கும் பயிற்சியும், ஒற்றைக்காலில் பாதி உட்கார்ந்து எழும் பயிற்சியும் செய்பவர்களுக்குக் கெண்டைக்கால், முழங்கால் தொல்லைகள் குறைகின்றன.

வலியை இனம் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தொடை முழுவதும் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கியதும் குறைந்தால் அது பயிற்சியின் களைப்பு. முன்கால் எலும்பில் ஒரே ஒரு விரல்நுனியால் மூடிவிடக்கூடிய இடத்தில் வலித்து, ஓட ஓடக் கூடி, இரவில் படுத்திருக்கும்போதும் தொடர்ந்தால் எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஷூவில் விலையைவிடப் பொருத்தம் முக்கியம்: நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரு ஜோடி உழைக்கும். குதிகால் உள்ளே வழுக்கினால், கடைசி இரண்டு துளைகளுக்கு இடையே நாடாவை அந்தந்தப் பக்கத்திலேயே சிறு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கினால் கணுக்கால் அசையாமல் பிடிபடும்.

இலக்கும் கடைசி வாரமும்

எந்த வேகத்தில் ஓடுவது என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யக் கூடாது. பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு 5 கிலோமீட்டரை முழு முயற்சியோடு ஓடி, அந்த நேரத்தை 2.085 ஆல் பெருக்கினால் 10 கிலோமீட்டருக்கான நேரம் ஓரளவு கிடைக்கும். அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகலின் வாய்பாட்டிலிருந்து வரும் எண் இது. 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுபவருக்கு 62 நிமிடம் 33 விநாடி, அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 நிமிடம் 15 விநாடி. நீண்ட ஓட்டங்களைத் தவறவிட்டவர் இதில் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்வதே நேர்மை.

கடைசி ஒரு வாரத்தில் தூரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், ஆனால் வேகமான சில நிமிடங்களை விட்டுவிடக் கூடாது. விட்டுப்போன பயிற்சியை இந்த வாரத்தில் ஈடுகட்ட முயல்பவர் களைப்பை மட்டுமே பந்தயத்துக்குக் கொண்டுசெல்வார். மாவுச்சத்தை அள்ளி நிரப்பும் விருந்தும் தேவையில்லை; வழக்கமான உணவு உண்பவரின் தசைகளிலும் கல்லீரலிலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்கான கிளைக்கோஜன், அதாவது உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து, இருக்கிறது.

பந்தய நாள்

தொடக்கத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, ஏற்கெனவே உண்டு பழகிய எளிய உணவு. அன்று புதிதாக எதையும் முயல வேண்டாம், காலுறையைக்கூட. எண் அட்டையின் நான்கு மூலைகளிலும் ஊக்குக் குத்தி, தோல் உரசும் இடங்களில் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, பத்து நிமிடம் மெதுவாக ஓடி, 80 மீட்டர் அளவில் மூன்று நான்கு விரைவோட்டங்களை முடித்துவிட்டு, தன் வேகத்துக்கு ஒத்தவர்கள் நிற்கும் பகுதியில் நிற்க வேண்டும். ஓடுபவர் அணியும் மின்னணுச் சிப் நிகர நேரத்தை அளக்கும் பந்தயத்தில், கோட்டைக் கடக்கும்போதுதான் நம் நேரம் தொடங்குகிறது. முன்வரிசைக்கு முண்டியடிப்பதில் பயனில்லை.

முதல் கிலோமீட்டரில் கூட்டமும் பரபரப்பும் சேர்ந்து எல்லோரையும் இழுத்துக்கொண்டு ஓடும். அங்கே இலக்கு வேகத்தைவிட 5 முதல் 10 விநாடி மெதுவாக ஓடுவதற்குத்தான் இத்தனை வாரமும் நிதானம் பழகினோம். பலர் நம்மைத் தாண்டிப் போவார்கள். 7-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு அவர்களில் கணிசமானோரை மீண்டும் பார்க்கலாம். ஏற்றத்தில் வேகத்தைக் காப்பாற்றப் போராடாமல் முயற்சியின் அளவைச் சீராக வைத்துக்கொண்டு, இறக்கத்தில் நேரத்தை ஓரளவு மீட்டுக்கொள்ளலாம்.

முறையாக அளக்கப்பட்ட பந்தயப் பாதை, வளைவுகளில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, மிகக் குறுகிய வழியில் அளக்கப்படுகிறது. தூரம் குறைந்துவிடாமல் இருக்கக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். ஆகவே அகலமாக வளைந்து ஓடுபவரின் ஜிபிஎஸ் கடிகாரம் முடிவுக்கோட்டில் 10.1 அல்லது அதற்கு மேலும் காட்டும். கடிகாரத்தின் சராசரியை மட்டும் நம்பினால் கடைசியில் அரை நிமிடத்துக்கு மேல் கைவிட்டுப்போகும். சாலையோரக் கிலோமீட்டர் பலகைகளைக் கடக்கும்போது நேரத்தைப் பார்ப்பதும், ஒரு வளைவின் உள்விளிம்பிலிருந்து அடுத்த வளைவின் உள்விளிம்புக்கு நேர்கோட்டில் ஓடுவதும் செலவில்லாத ஆதாயங்கள்.

தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். அளவுக்கு மீறிக் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தை உண்டாக்கும். காகிதக் குவளையின் வாயை விரல்களால் நசுக்கிக் கூர்மூக்குப் போலாக்கிக்கொண்டால், ஓடியபடியே சிந்தாமல், மூக்கில் ஏறாமல் குடிக்கலாம். வெயில் கடுமையாக இருந்தால் இலக்கைத் தொடக்கத்திலேயே தளர்த்திவிட வேண்டும். வெயிலிலும் உடல் சில்லிடுவது, தடுமாற்றம், மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் உடனே நின்று உதவி கேட்க வேண்டும்.

முடிவுக்கோட்டைக் கடந்ததும் சட்டென்று நிற்காமல் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாள் நடையோடு நிறுத்திக்கொண்டு, படியிறங்கும்போது தொடை வலிக்காத நிலை வந்த பிறகு மெதுவாக ஓடத் தொடங்கலாம். வேகப் பயிற்சிக்கு ஒரு வாரமாவது போகட்டும். இதற்கிடையே முதல் 5 கிலோமீட்டருக்கும் அடுத்த 5 கிலோமீட்டருக்கும் ஆன நேரங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாதையும் வெயிலும் சீராக இருந்தும் இரண்டாம் பாதிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கூடுதலாக ஆகியிருந்தால், அடுத்த பந்தயத்தில் திருத்த வேண்டியது முதல் இரண்டு கிலோமீட்டரின் வேகத்தை.